முதல்முறையாக வீட்டிலேயே ஏர் ரைஃபிள் ஸ்டாக் செய்யப் போகிறேன்: மரம், அளவு, விதிமுறை பற்றி ஆலோசனை வேண்டும்

நெல்லை_முத்து

எல்லோருக்கும் வணக்கம். மகள் 8-ம் வகுப்பு படிக்கிறாள். கிளப் ரைஃபிளை வைத்து 10 மீட்டர் ஏர் ரைஃபிள் பயிற்சி எடுக்கிறாள். விளையாட்டை நிறுத்திவிட்ட ஒரு சீனியர் அண்ணன் தன்னுடைய ஃபைன்வெர்க்பாவ் (ஜெர்மன் கம்பெனி) ரைஃபிளை எங்களுக்குக் குறைந்த விலையில் கொடுத்தார். அழுத்தக் காற்று மாடல், 4.5 மி.மீ. பேரல், டிரிகர், டயாப்டர் சைட் (சிறு துளை வழியாகக் குறிபார்ப்பது) எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஸ்டாக் (பிடித்துத் தோளில் வைக்கும் கட்டைப் பகுதி) மட்டும் கைப்பிடிக்குப் பின்னால் விரிசல் விட்டிருக்கிறது. அதோடு அது வளர்ந்த ஆணுக்கு ஏற்ற ஸ்டாக். இவள் தோளில் வைத்தால் கன்னம் படவேண்டிய இடத்தில் படவில்லை.

அலுமினிய ஸ்டாக்கை வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் விலையையும் சுங்கவரியையும் கேட்டுவிட்டு அந்த யோசனையை விட்டுவிட்டேன். என் மாமனார் தச்சர். இழைப்புளி, உளி, அரம், சி-கிளாம்ப் எல்லாம் வீட்டில் உண்டு, டேபிள் ட்ரில்லும் இருக்கிறது. அவர் உதவியோடு அவளுக்கென்றே ஒரு மர ஸ்டாக் செய்யலாம் என்று இருக்கிறேன். உலோகப் பகுதி எதையும் தொடமாட்டேன். என்ன மரம், எப்படி அளவெடுப்பது, போட்டியில் சோதனை செய்யும்போது சிக்கல் வருமா, இவைதான் என் கேள்விகள். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பழைய_கோச்

முத்து தம்பி, மரம் வாங்கப் போகும் முன் சிலிண்டரைத் திருப்பிப் பாருங்கள். அதில் தேதி பொறித்திருக்கும். சர்வதேச விதிப்படி சிலிண்டருக்கு அதிகபட்சம் 10 ஆண்டுதான் ஆயுள். சிலிண்டர் காலாவதியாகாமல் பார்த்துக்கொள்வது துப்பாக்கி சுடுபவரின் பொறுப்பு. 200 பார் காற்று அடைத்த உருளை குழந்தையின் முகத்துக்கு அருகில் இருக்கப்போகிறது, அதனால் வெறும் விதி என்று நினைக்கவேண்டாம். காலம் முடிந்திருந்தால் முதல் செலவு புது சிலிண்டராகத்தான் இருக்கவேண்டும். பழையதைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, வால்வைக் கழற்றுவது எதுவும் கூடாது.

அடுத்தது விதிப் புத்தகம். ரைஃபிள் பிரிவில் ஒரு அளவு அட்டவணை இருக்கிறது. இப்போது நடப்பில் உள்ள பதிப்பை இறக்கி அந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பட்டறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சைட்டோடு சேர்த்து மொத்த எடை 5.5 கிலோவைத் தாண்டக்கூடாது. முன்கட்டையின் (பேரலுக்கு அடியில் கை தாங்கும் பகுதி) அகலம் 60 மி.மீ.க்குள், பேரல் நடுக்கோட்டிலிருந்து அதன் ஆழம் 120 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். இதெல்லாம் தெரியாமல் அழகாகச் செய்து கொண்டுவந்து, சோதனை மேசையில் அரம் கேட்டு நிற்கும் பெற்றோர்களைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, கட்டைவிரல் நுழையும் ஓட்டை வைத்த ஸ்டாக் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தடை. இணையத்தில் பார்க்கும் வேட்டை ரைஃபிள், ஸ்போர்ட்டர் படங்களில் பாதி அப்படித்தான் இருக்கும். அவற்றைப் பார்த்து வரையாதீர்கள்.

உளியும்_மரமும்

மரம் பற்றி நான் சொல்கிறேன். வீணை, நாதஸ்வரப் பெட்டி, கதவு நிலை என்று பலதும் செய்யும் குடும்பம் எங்களுடையது. கிளப் பிள்ளைகளுக்கு ஸ்டாக் பழுதும் பார்த்துக் கொடுக்கிறேன்.

வெளிநாட்டு ஸ்டாக் பெரும்பாலும் வால்நட் அல்லது அடுக்கி ஒட்டிய பீச் மரம். நம்மூரில் யாரைக் கேட்டாலும் முதலில் தேக்கு என்பார்கள். தேக்கு நல்ல மரம்தான், ஆனால் அதில் எண்ணெய் உண்டு. அடுக்கி ஒட்டும்போது பசை பிடிக்காமல் போகக் காரணம் அதுதான். ஒட்டுவதற்குச் சற்று முன்பு உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானவுடனே எப்பாக்சி தடவவேண்டும். நேற்று இழைத்து வைத்த பலகையில் இன்று தடவினால் எண்ணெய் மறுபடி மேலே வந்திருக்கும்.

ஈட்டி மரம் வேண்டாம். எடை அதிகம், விலையும் அதிகம், அதற்கென்றே தமிழ்நாட்டில் தனிப் பாதுகாப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். ரசீது இல்லாத ஈட்டிப் பலகையை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

என் சிபாரிசு குமிழ். உங்கள் மாமனாருக்குத் தெரியாமல் இருக்காது. இலேசான மரம், உளிக்கு நன்றாக இசையும், காய்ந்தபின் அதிகம் திருகாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஸ்டாக்கின் கன அளவு சுமார் 2 லிட்டர் என்று வைத்தால் ஈட்டியில் 1.7 கிலோ வரும், தேக்கில் 1.3 கிலோ, குமிழில் ஏறத்தாழ 1 கிலோ. 8-ம் வகுப்புக் குழந்தைக்கு அந்த 700 கிராம் வித்தியாசம் பெரியது. எடை தேவைப்பட்டால் பிறகு பித்தளைக் கட்டி வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். மரத்தைச் செதுக்கிக் குறைப்பது அவ்வளவு சுலபமில்லை.

ஒரே கட்டையில் செதுக்காதீர்கள். 18 மி.மீ. பலகை மூன்றை அடுக்கி ஒட்டினால் 54 மி.மீ. வரும், விதியின் 60-க்குள் நிம்மதியாக அடங்கும். நடுப் பலகையை மட்டும் மர ரேகை எதிர்ப்பக்கமாக ஓடும்படி திருப்பி வையுங்கள். ஒன்று வளைய நினைத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். உங்கள் பழைய ஸ்டாக்கில் விரிசல் எங்கே விட்டது என்று சொன்னீர்கள் பாருங்கள், கைப்பிடிக்குப் பின்னால். அங்கேதான் எப்போதும் விடும். ஸ்டாக்கிலேயே மெலிந்த இடம் அது. அங்கே ரேகை குறுக்கே ஓடினால் ஒருமுறை கீழே விழுந்தாலே போதும். பலகையை வாங்கும்போதே அந்த இடத்தில் ரேகை நீளவாக்கில் ஓடுகிறதா என்று கோடு போட்டுப் பாருங்கள்.

மரம் நன்றாகக் காய்ந்திருப்பது மிக முக்கியம். நெல்லையில் காய்ந்த மரம் வேறு, டிசம்பரில் தில்லியிலோ போபாலிலோ உலர்ந்த குளிரில் இருக்கும் மரம் வேறு. தேசியப் போட்டி அந்தப் பக்கம், அந்தப் பருவத்தில்தான் பெரும்பாலும் நடக்கும். ஈரம் மீதமுள்ள மரம் அங்கே போய்ச் சுருங்கும். புது மரம் வாங்காதீர்கள். பழைய வீடு இடித்த உத்திரம், நிலை கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. ஆணி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ்_அருண்

நான் இருக்கும் ஊரில் சட்டம் வேறு. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்கு ஒருவர் வீட்டில் ரைஃபிள் செய்துகொள்ளலாம். கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் முன்கூட்டியே வரிசை எண் வாங்கவேண்டும். இங்கே என் நண்பர்கள் பலர் செய்வது ஆக்‌ஷன் (பேரலும் டிரிகரும் பூட்டும் நடு உலோகப் பகுதி), பேரல், டிரிகர் எல்லாம் ஆயத்தமாக வாங்கிப் பூட்டுவதுதான். அவர்கள் மாதக்கணக்கில் மெனக்கெடுவது ஸ்டாக்கில். உலோகமும் மரமும் சந்திக்கும் இடத்துக்குப் பெட்டிங் என்று பெயர். ஏர் ரைஃபிளுக்கும் அது அப்படியே பொருந்தும் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்டாக் திருகாணி போகும் துளைகளில் அலுமினியக் குழல் வைத்துவிடுங்கள். லேத் பட்டறையில் கேட்டால் கடைந்து தருவார்கள். திருகாணியை முறுக்கும்போது அழுத்தம் உலோகத்தில்தான் விழவேண்டும். மரத்தில் விழுந்தால் அது மெல்ல மெல்ல நசுங்கும், ஒவ்வொரு மாதமும் முறுக்கு மாறும். முறுக்கு எவ்வளவு என்பதை ரைஃபிளின் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள்.

குழல் வைத்தபின், ஆக்‌ஷன் உட்காரும் குழியைச் சுற்றி 1 முதல் 2 மி.மீ. இடைவெளி விட்டு எப்பாக்சி நிரப்பவேண்டும். உலோகத்துக்குத் தரை மெழுகு இரண்டு முறை பூசித் துடையுங்கள். எல்லாத் துளைகளையும் களிமண்ணால் அடையுங்கள். டிரிகர் பெட்டிக்குள் எப்பாக்சி ஒழுகினால் திரும்ப எடுக்கமுடியாது. பிறகு ஆக்‌ஷனை அதன் எடையில் மட்டும் உட்காரவைத்து இறுகவிடுங்கள். அந்த நேரத்தில் திருகாணியை முறுக்கினால் உலோகம் வளைந்த நிலையிலேயே அச்சு இறுகிவிடும், இத்தனை வேலையும் வீண்.

சோதிக்க ஒரு வழி. ஒரு டயல் கேஜை (நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் கருவி) முன்கட்டையில் பொருத்தி அதன் முனை பேரலைத் தொடும்படி வைத்து, முன் திருகாணியைத் தளர்த்துங்கள். முள் அசையாமல் நின்றால் பெட்டிங் சரி. 0.05 மி.மீ.க்கு மேல் ஓடினால் மறுபடி சுரண்டிப் போடவேண்டும். பேரலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே ஒரு காகிதம் தடையில்லாமல் ஓடவேண்டும், அதையும் பாருங்கள்.

சிவா_மதுரை

நல்ல இழை. இதே மாதிரி .22 ரைஃபிளை நாமே வீட்டில் செய்யமுடியுமா? பேரலுக்கு ஏற்ற குழாய் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லமுடியுமா?

வக்கீல்_மீனா

சிவா, முடியாது. இங்கே யாரும் அதற்கு வழி சொல்லவும் கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ அதன் பாகமோ தயாரிப்பதைத் தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 25-வது பிரிவில் அதற்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. தனிநபர் ஆயுத உரிமத்தில் வைத்துக்கொள்ளத்தான் அனுமதி உண்டு, செய்ய இல்லை. சட்டத்தை விடுங்கள், தோட்டா வெடிக்கும் அழுத்தத்தைத் தாங்காத குழாய் சுடுபவரின் கையிலும் கண்ணிலும்தான் வெடிக்கும். உண்மையான ஆர்வம் இருந்தால் மாவட்ட ரைஃபிள் கிளப்பில் சேருங்கள், .22 அங்கேயே சுடக் கிடைக்கும்.

முத்து சாருக்கு: உங்கள் விஷயம் வேறு. 4.5 மி.மீ.க்கு மிகாத, 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. போட்டி ரைஃபிள் 7.5 ஜூல் அளவில்தான் இருக்கும். ஸ்டாக் மாற்றுவதால் அது மாறாது. வால்வு, ஸ்பிரிங், ரெகுலேட்டர் எதையும் மாற்றிச் சக்தியைக் கூட்டாமல் இருப்பது முக்கியம், அதைத் தொடமாட்டேன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கொடுத்தவரிடம் கைமாற்றிய கடிதம் ஒன்று, பழைய ரசீதின் நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரயிலில் கொண்டுபோகும்போது கேட்பார்கள்.

ரேஞ்ச்_அக்கா

மரமும் எப்பாக்சியும் சரி. ஆனால் ஸ்டாக் அவள் உடம்பிலிருந்து வரவேண்டும், அதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

10 மீட்டர் தூரத்தில் 10-வளையம் என்பது அரை மி.மீ. புள்ளி. 60 குண்டு, 75 நிமிடம். 4 கிலோவுக்கு மேல் எடையை அவ்வளவு நேரம் தசையால் தாங்கமுடியாது, எலும்பின் மேல் நிறுத்தவேண்டும். இடது முழங்கை இடுப்பெலும்பின் மேல், அதன் மேல் நேராக முன்கை, அதன் மேல் ரைஃபிள். இந்தத் தூண் எவ்வளவு உயரம் என்பது அவள் கை நீளத்தையும் உடம்பு நீளத்தையும் பொறுத்தது. மீதி உயரத்தை முன்கட்டையின் ஆழம் நிரப்பவேண்டும். தூண் குட்டையாக இருந்தால் தோளைத் தூக்கிச் சமாளிப்பாள், அடுத்த வருடம் முதுகு வலிக்கும். கை நீளமான குழந்தைக்கு ஆழம் குறைவாகப் போதும்.

அளவெடுக்கும் வரிசையை மாற்றாதீர்கள். ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் போட்டபின்தான் அளவு. சட்டையோடு எடுத்தால் தோளில் அத்தனையும் தப்பும். முதலில் கால், இடுப்பு. பிறகு இடது கைத் தூண். அதற்குப் பிறகு தோள் தகட்டின் உயரமும் நீளமும். கன்னம் அடுத்தது. தலை நிமிர்ந்து இருக்கவேண்டும், கழுத்தை முன்னால் நீட்டி சைட்டைத் தேடக்கூடாது. தலையின் எடை கன்னக்கட்டையில் சும்மா விழுந்தால் கண் தானாக டயாப்டர் துளைக்கு நேரே வரவேண்டும். கடைசியில் கைப்பிடி. ஆட்காட்டி விரலின் நுனிச் சதை டிரிகரில் நேராகப் படவேண்டும், விரலின் பக்கம் மரத்தைத் தொடக்கூடாது.

சரியா என்று பார்க்க: அவள் நிலையில் நின்று கண்ணை மூடி இரண்டு மூச்சு விடட்டும். கண்ணைத் திறக்கும்போது இலக்கு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். மேலே கீழே தள்ளி இருந்தால் ஸ்டாக்கின் உயரம் தப்பு. இடவலமாகத் தள்ளி இருந்தால் காலை மாற்றினால் போதும், மரத்தில் கை வைக்கவேண்டாம்.

மரத்தில் செதுக்கும் முன் ஒரு மாதிரி செய்யுங்கள். மலிவான பிளைவுட்டில் வடிவம் வெட்டி, கைப்பிடிக்கு எம்-சீல் உருட்டி ஒட்டி, அதில் சில வாரம் பயிற்சி எடுக்கட்டும். முதல் நாள் வசதியாக இருப்பது மூன்றாவது வாரம் வசதியாக இருக்காது.

கோவை_ரைஃபிள்

அக்கா சொன்னதோடு ஒரு கருத்து வேறுபாடு. 8-ம் வகுப்புப் பெண்ணின் கையை இப்போது அச்செடுத்துக் கைப்பிடி செதுக்கினால் அடுத்த வருடமே சின்னதாகிவிடும். அந்தப் பணத்துக்கும் உழைப்புக்கும் சாதாரணக் கைப்பிடியே போதாதா?

ரேஞ்ச்_அக்கா

போதாது தம்பி. வளரும் வயதில் தப்பான பிடியில் பழகினால் பிறகு மாற்ற இரண்டு மடங்கு காலம் ஆகும். ஆனால் நீங்கள் சொல்லும் வளர்ச்சி உண்மைதான். அதற்கு வழி, கைப்பிடியை ஸ்டாக்கோடு ஒரே கட்டையாகச் செய்யாமல் தனித் துண்டாகச் செய்து இரண்டு திருகாணியில் பூட்டுவது. வருடம் ஒரு கைப்பிடி செதுக்கலாம், ஸ்டாக் அப்படியே இருக்கும். கன்னக்கட்டை, தோள் தகடு இரண்டும் நகர்த்தும்படி தண்டில் நிற்கட்டும். பழைய ஸ்டாக்கில் உள்ள தோள் தகட்டையும் அதன் தண்டையும் கழற்றிப் பயன்படுத்தினால் பாதி வேலை மிச்சம்.

உளியும்_மரமும்

தனிக் கைப்பிடி என்பதில் எனக்கும் சம்மதம். விரிசல் விடும் இடத்தில் திருகாணி போட்டால் பலவீனம் என்று முதலில் தோன்றும், ஆனால் ஸ்டாக்கின் உடம்பை அங்கே மெலிவாக்காமல் தடிமனாகவே விட்டுவிடலாம் அல்லவா? உண்மையில் வலு கூடும். மரத்தில் நேராகத் திருகாணி ஏற்றாதீர்கள், பித்தளை மரை கட்டியை எப்பாக்சியில் பதித்து அதில் பூட்டுங்கள். அடிக்கடி கழற்றினாலும் மரை தேயாது.

அப்புறம் ஒரு விஷயம். அடுக்கு ஒட்ட வழக்கமான வெள்ளைப் பசை போதும் என்று உங்கள் மாமனார் சொல்லக்கூடும். கதவுக்கு அது போதும். ஆனால் தொடர்ந்து ஒரே பக்கம் இழுவை இருக்கும் இடத்தில் அந்தப் பசை காலப்போக்கில் மெல்ல நகரும். காரில், வெயிலில் பெட்டிக்குள் கிடந்தால் இன்னும் மோசம். எப்பாக்சியே போடுங்கள். கிளாம்பை ஒரேயடியாக முறுக்கிப் பசை முழுவதையும் பிதுக்கிவிடவும் கூடாது. எப்பாக்சிக்கு மெல்லிய படலம் உள்ளே இருக்கவேண்டும்.

பழைய_கோச்

ஏர் ரைஃபிளில் பேர் வாங்கியவர்களில் ககன் நாரங் பிறந்தது சென்னையில், இளவேனில் வாலறிவன் கடலூரில். இரண்டு பேரும் வளர்ந்ததும் பயின்றதும் வெளி மாநிலங்களில். இங்கே பிறக்கும் பிள்ளைகள் இங்கேயே பயின்று வரவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதற்குக் குறுக்கே நிற்பது பெரும்பாலும் ரைஃபிளின் விலைதான். கிளப்பில் ஒரே ரைஃபிளை ஆறு பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சுடுகிறார்கள், ஒவ்வொரு முறையும் தோள் தகட்டை நகர்த்தி, கன்னத்தை நகர்த்தி. யாருக்கும் நிலை படிவதில்லை. நம் தச்சர்கள் கையில் இந்த வேலை வந்துவிட்டால் பழைய ரைஃபிள்கள் எத்தனையோ மறுபடி பயன்படும். அதனால் முத்து, நீங்கள் செய்யும் அளவுகளையெல்லாம் எழுதி வையுங்கள், இங்கேயே போடுங்கள்.

நெல்லை_முத்து

எல்லோருக்கும் மிக்க நன்றி. சிலிண்டரைப் பார்த்தேன் கோச் சார், காலம் முடிந்துவிட்டது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டுப் புதியதற்குச் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை குண்டு போடாத பயிற்சி மட்டும்.

மாமனாரிடம் இந்த இழையை முழுக்கப் படித்துக் காட்டினேன். குமிழ் என்றதும் சந்தோஷப்பட்டார். அவருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த குமிழ்ப் பலகைகள் இருக்கிறதாம். வெள்ளைப் பசை விஷயத்தில் மட்டும் அவர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. சிறு துண்டுகளை இரண்டு விதமாகவும் ஒட்டி, எடை தொங்கவிட்டு வெயிலில் வைத்திருக்கிறார்.

பிளைவுட் மாதிரி தயார். ஜாக்கெட் போட்டு நிற்கவைத்து அளந்ததில், பேரல் நடுக்கோட்டிலிருந்து கைக்கு 96 மி.மீ. ஆழம் வருகிறது. கண்ணை மூடித் திறக்கும் சோதனையில் இலக்கு சற்றுக் கீழே இருக்கிறது என்கிறாள். ஆழத்தைக் குறைக்கவா, தோள் தகட்டை மாற்றவா?

இன்னொரு சந்தேகம். கை வழுக்குகிறது என்கிறாள். முன்கட்டைக்கு அடியில் ரப்பர் ஷீட் ஒட்டலாமா?

ரேஞ்ச்_அக்கா

ஆழத்தைத் தொடாதீர்கள். முதலில் ஸ்டாக்கில் தோள் தகட்டை ஒரு கோடு கீழே இறக்கிப் பாருங்கள். தகடு ஸ்டாக்கில் உயரமாக இருந்தால் ரைஃபிளின் பின்பக்கம் தாழ்ந்து பேரல் மேல்நோக்கும். அதில் சரியாகவில்லை என்றால் மட்டும் ஆழத்தில் 2 மி.மீ. குறையுங்கள், பிளைவுட்டில்தானே, பயமில்லை. ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பழைய_கோச்

ரப்பர் ஷீட் கூடாது. பிடிப்பைக் கூட்டும் எந்தப் பொருளையும் முன்கட்டையிலோ, கைப்பிடியிலோ, ஸ்டாக்கின் அடிப்பாகத்திலோ ஒட்டக்கூடாது என்பது விதி. இடது கைக் கையுறையில் அதற்கான பொருள் இருக்கிறது, அது தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மரத்தில் பளபளப்பான வார்னிஷ் அடிக்காமல் ஆளிவிதை எண்ணெய் மட்டும் தேய்த்துவிட்டால் வழுக்கலும் குறையும், ஈரமும் ஓரளவு தடைபடும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகத் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்தோ தண்ணீரில் நனைத்தோ எறியுங்கள்.

பசைச் சோதனையில் எது நகர்ந்தது என்று மாமனார் முடிவு சொன்னதும் படம் போடுங்கள். குமிழைப் பிளக்கும் முன் கைப்பிடியின் இடத்தை ஒருமுறை எங்களுக்கும் காட்டுங்கள், பென்சில் கோட்டோடு.